கூட்டலால் பிறக்கும் மூக்குக்கண்ணாடி



கணக்குப் பாடத்தில் நாங்கள் முதலில் கற்றுக் கொடுப்பது கூட்டல், அடுத்தது கழித்தல். இவை இரண்டும் நோட்டுப் புத்தகத்துக்குள் அடங்கியவை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் நாம் அன்றாடம் கையாளும் பொருள்களும் இந்த இரண்டு வழிகளில்தான் உருவாகின்றன. மரத்தைச் செதுக்கி உலக்கை செய்கிறோம். வேண்டாததைக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் உலக்கை மிஞ்சுகிறது. மண்ணைக் குழைத்து, ஒரு வரி மேல் ஒரு வரியாக வைத்து அடுப்புக் கட்டுகிறோம். கூட்டக் கூட்ட அடுப்பு எழும்புகிறது. முன்னது கழித்தல், பின்னது கூட்டல்.

இந்தக் கூட்டல் முறையில் மூக்குக்கண்ணாடி செய்யும் ஒரு புதிய தொழிலைப் பற்றி இன்று பேசப் போகிறோம். அதோடு, நம் வீட்டுப் பிள்ளைகளின் கண்களைப் பற்றியும், நம்முடைய கண்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசுவோம்.

முதலில் எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவி படித்தாள். வாயால் கேட்டால் கணக்குக்குச் சட்டென்று விடை சொல்லுவாள். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் மட்டும் எட்டை மூன்றாக எழுதுவாள்; ஆறைச் சுழியமாக எழுதுவாள். “கவனம் எங்கே இருக்கிறது?” என்று ஆசிரியர்களாகிய நாங்கள் பலமுறை கடிந்துகொண்டோம். ஒருநாள் அவள் புத்தகப் பையில் ஒரு மூக்குக்கண்ணாடியைக் கண்டோம். “ஏனம்மா போட்டுக்கொள்ளவில்லை?” என்று கேட்டோம். “குனிந்தால் விழுந்துவிடுகிறது சார். உடைந்துபோனால் அம்மா திட்டுவாங்க” என்றாள்.

விசாரித்தபோது விஷயம் விளங்கியது. வளரும் பிள்ளைதானே, இரண்டு மூன்று வருடம் தாங்கட்டும் என்று, பள்ளிச் சீருடை வாங்குவதுபோலப் பெரிய அளவாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். பெற்றோர் பாடுபட்டுச் சேர்த்த பணம் பைக்குள்ளேயே கிடந்தது. பிள்ளையோ மங்கிய பலகையைப் பார்த்து ஒரு வருடத்தை ஓட்டியிருந்தது. குற்றம் அவள் மேல் இல்லை. அதைக் கண்டுபிடிக்க இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்கு நாங்கள்தாம் வெட்கப்பட வேண்டும்.

மூக்குக்கண்ணாடி முகத்துக்குப் பொருந்த வேண்டியது அழகுக்காக மட்டும்தானா? இல்லை. அதில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று பார்வையைச் சரிசெய்யும் வில்லை, அதாவது லென்ஸ். மற்றொன்று அந்த வில்லையைத் தாங்கும் பிரேம். வில்லையின் மையம் கண்ணின் கருமணிக்கு நேராக நிற்க வேண்டும். கண்ணுக்கும் வில்லைக்கும் உள்ள இடைவெளியும் மாறாமல் இருக்க வேண்டும். பிரேம் மூக்கில் வழுக்கிக் கீழே இறங்கினால் மையம் விலகுகிறது, இடைவெளி கூடுகிறது. வில்லையின் ‘பவர்’ கூடக் கூட இந்த விலகலால் வரும் தொல்லையும் கூடும். தலைவலி கூட வரலாம். டாக்டர் சரியாகவே எழுதிக் கொடுத்திருப்பார். கடைக்காரரும் சரியான வில்லையைத்தான் போட்டிருப்பார். ஆனாலும் பிரேம் பொருந்தாததால் பார்வை சரியாகாது.

வீட்டில் மூக்குக்கண்ணாடி இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். காதில் மாட்டும் தண்டின் உட்பக்கத்தில் பொடி எழுத்தில் மூன்று எண்கள் இருக்கும். 50, 20, 140 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எண் ஒரு வில்லையின் அகலம். இரண்டாவது எண் இரண்டு வில்லைகளுக்கும் இடையே மூக்கின் மேல் உட்காரும் பகுதியின் அகலம். மூன்றாவது எண் காதுத் தண்டின் நீளம். எல்லாம் மில்லிமீட்டரில். சட்டைக்கு அளவு இருப்பதுபோல மூக்குக்கண்ணாடிக்கும் அளவு உண்டு என்பதை இது காட்டுகிறது.

ஆனால் முகமோ ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு மூக்குத் தண்டு எடுப்பாக இருக்கும், ஒருவருக்குத் தாழ்ந்திருக்கும். ஒரே ஆளின் இரு காதுகளே ஒரே உயரத்தில் இருப்பதில்லை. அப்படியானால் கடைகளில் ஏன் நாலைந்து அளவுகளில் மட்டுமே பிரேம் கிடைக்கிறது? அதை அறிய, பிரேம் செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து கிராஞ்சிக்குச் சென்றிருந்தோம். சிங்கப்பூரின் வடமேற்கில் இருக்கிறது கிராஞ்சி. ஒரு காலத்தில் கிராஞ்சி, மண்டாய், செம்பவாங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. நம்மவர்கள் அங்கே பால் வெட்டினார்கள். இன்று அந்தத் தோட்டங்கள் இல்லை. கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தை அடைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் 1975 முதல் இருக்கிறது. ரயில் நிலையம் 1996 முதல் இருக்கிறது. பக்கத்திலேயே சுங்கை காடுட் என்ற தொழிற்பேட்டை. மரம் அறுப்பதற்கும் மரச்சாமான் செய்வதற்கும் பேர்போன இடம் அது.

எங்களிடம் எழுத்துக் கற்ற தோட்டத்துத் தம்பி ஒருவர் அங்கே ஒரு மரப்பட்டறையில் வேலை செய்கிறார். பட்டறையைச் சுற்றிக் காட்டினார். பலகையை எந்திரம் கடைந்து வளைவான நாற்காலிக் கை ஒன்றை உண்டாக்கியது. கீழே முழங்கால் அளவுக்கு மரத்தூள். “சார், விலை கொடுத்து வாங்கின மரத்தில் நாற்காலியாகப் போவது ஒரு பங்கு, மூட்டை கட்டுவது ஒரு பங்கு” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கழித்தல் கணக்கு என்றால் இதுதான் என்று எங்களுக்குத் தோன்றியது.

நல்ல பிளாஸ்டிக் பிரேம்களில் பலவும் இதே வழியில்தான் உருவாகின்றன. பஞ்சிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் கிடைக்கும் ஒரு பொருளைப் பதப்படுத்தி, அசிடேட் என்னும் தகடாக்குகிறார்கள். அந்தத் தகட்டில் வில்லைக்கான இரண்டு ஓட்டைகளைக் குடைந்து எடுக்கிறார்கள். சுற்றியுள்ள பாகத்தையும் வெட்டி எறிகிறார்கள். பிறகு பெரிய உருளைகளில் மரச் சில்லுகளோடு போட்டு நாள்கணக்கில் உருட்டி வழவழப்பாக்குகிறார்கள். தகட்டின் பெரும்பகுதி பிரேமாக ஆவதில்லை. துண்டும் தூளுமாகக் கழிகிறது.

இன்னொரு வழி, அச்சில் வார்ப்பது. இரும்பு அச்சு ஒன்றைச் செய்து, உருகிய பிளாஸ்டிக்கை அதற்குள் செலுத்தி எடுப்பார்கள். இதில் கழிவு குறைவு; விலையும் மலிவு. ஆனால் அந்த அச்சைச் செய்யப் பெருந்தொகை செலவாகும். போட்ட முதலை எடுக்க வேண்டுமென்றால் ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ள வேண்டும். ஆகவே முதலாளி சராசரி முகம் ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொள்கிறார். சராசரிக்கு வெளியே இருக்கும் குழந்தையின் முகமும், அகன்ற முகமும், தாழ்ந்த மூக்கும் தாங்களாகவே எப்படியோ சமாளித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கேதான் கூட்டல் முறை உதவிக்கு வருகிறது. இதை முப்பரிமாண அச்சு என்றும், கூட்டுமுறை உற்பத்தி என்றும் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஒரு தட்டில் சர்க்கரையை மெல்லியதாகப் பரப்பிவைத்து, பழுக்கக் காய்ந்த ஊசியால் அதன்மேல் ஒரு வட்டம் வரைவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி பட்ட இடத்தில் சர்க்கரை உருகி ஒட்டிக்கொள்ளும். மற்ற இடத்தில் சர்க்கரை பொடியாகவே இருக்கும். அதன்மேல் இன்னொரு மெல்லிய பரப்புச் சர்க்கரை தூவி, அதே இடத்தில் மறுபடி வரைந்தால், புது வட்டம் பழைய வட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். இப்படியே நூறு முறை செய்துவிட்டு, உருகாத பொடியை உதறிவிட்டால் கையில் ஒரு சர்க்கரை வளையல் இருக்கும்.

மூக்குக்கண்ணாடிப் பிரேமுக்குச் சர்க்கரைக்குப் பதிலாக நைலான் பொடி. ஊசிக்குப் பதிலாக லேசர் ஒளிக்கதிர். ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம்தான். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குப் பத்துப் பரப்பு வேண்டும். எந்த இடத்தில் உருக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்த படம் கட்டளையிடுகிறது. ஒரே பெட்டியில் பல பிரேம்கள் ஒன்றாக உருவாகின்றன. வேலை முடிந்ததும் பெட்டி மெல்ல ஆறும் வரை காத்திருந்து, பொடியைத் தட்டி எடுக்கிறார்கள். உருகாத பொடியைப் புதுப் பொடியோடு கலந்து மறுபடியும் பயன்படுத்தலாம். பிறகு பிரேமை மெருகேற்றிச் சாயம் ஏற்றுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த முறைக்கு இரும்பு அச்சு தேவையில்லை. பெட்டிக்குள் இருக்கும் முப்பது பிரேம்களும் முப்பது விதமாக இருந்தாலும் எந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதான். படத்தில் ஓர் எண்ணை மாற்றினால் பிரேமின் அளவும் மாறிவிடும். ஆகவே, “உன் முகத்தைப் பிரேமுக்கு ஏற்றுக்கொள்” என்ற நிலை மாறி, “உன் முகத்துக்குப் பிரேமை ஏற்றுக்கொள்கிறேன்” என்ற நிலை வருகிறது. ஆயிரக்கணக்கில் செய்து கிடங்கில் அடுக்கிவைக்கும் தேவையும் இல்லை. கேட்டபின் செய்தால் போதும்.

இந்தக் கலை எப்படிப் பிறந்தது? அமெரிக்கரான சார்லஸ் ஹல் என்பவர், ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசினைக் கொண்டு பரப்பு மேல் பரப்பாகப் பொருள் செய்யும் வழியைக் கண்டு, 1986-இல் காப்புரிமை பெற்றார். அதே காலத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்ட் என்ற மாணவர், ஜோ பீமன் என்ற தம் ஆசிரியரின் துணையோடு, பொடியை லேசரால் உருக்கும் வழியைக் கண்டார். மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து கண்ட முறை என்பதால் அதைச் சொல்லும்போது எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான். மூக்குக்கண்ணாடித் தொழிலுக்கு இது பிறகுதான் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் பெர்லின் நகரத்து மைக்கிட்டா நிறுவனம் 2011-இல் நைலான் பொடிப் பிரேம்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2016-இல் ஜப்பானின் ஹோயாவும் பெல்ஜியத்தின் மெட்டீரியலைஸும் சேர்ந்து யூனிகு என்ற ஒரு முறையைக் கொண்டுவந்தன. அதில் முதலில் முகத்தைக் கருவியால் அளந்து, வில்லை எந்த இடத்தில் நின்றால் பார்வை சிறக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அதன்பின் அந்த வில்லையைச் சுற்றிப் பிரேமை அமைக்கிறார்கள். வழக்கமாகப் பிரேமைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்குள் வில்லையை அடக்குவோம் அல்லவா? இங்கே வரிசை தலைகீழாகிறது.

சிங்கப்பூரும் இந்தக் கலையில் முனைந்திருக்கிறது. கிராஞ்சிக்குத் தென்மேற்கே உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முப்பரிமாண அச்சுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. ஆராய்ச்சியையும் தொழிற்சாலைகளையும் இணைக்க 2015-இல் நாமிக் என்ற தேசிய அமைப்பு ஏற்பட்டது. 2018-இல் எச்பி நிறுவனம் அதே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஓர் ஆய்வுக்கூடம் திறந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று இருக்கிறது. பிரேம் அச்சிடும் நைலான் பொடிகளில் ஒரு வகை, ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருகிறது! பாட்டி காலத்தில் வயிறு சுத்தமாகக் குடிக்கக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். உலகில் ஆமணக்கு மிகுதியாக விளையும் நாடு இந்தியா. அங்கேயும் குஜராத் முதலிடம். பிரான்சு நாட்டு ஆர்க்கிமா நிறுவனம் இந்த ஆமணக்கு நைலானைச் செய்ய ஜூரோங் தீவில் கட்டிய ஆலை 2022-இல் வேலையைத் தொடங்கியது. ரப்பர்ப் பால் டயராகவும் கையுறையாகவும் மாறும் கதையை அறிந்த நமக்கு, ஆமணக்கு விதை மூக்குக்கண்ணாடியாவது நம்ப முடியாத செய்தி ஆகாது. காட்டிலும் தோட்டத்திலும் பாடுபடுகிறவர் கையிலிருந்துதான் எந்தப் புதுத் தொழிலும் தொடங்குகிறது.

சரி, இனி நாம் எல்லாரும் அச்சிட்ட பிரேம்தான் வாங்க வேண்டுமா என்று கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம். குறைகளையும் சொல்லிவிடுவதுதான் முறை. ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் செய்வதற்கு இரும்பு அச்சுதான் இன்றைக்கும் மலிவு. பொடியில் செய்த பிரேமை மெருகேற்றக் கூடுதல் வேலை இருக்கிறது. கண்ணாடிபோலப் பளபளக்கும் நிறங்கள் அதில் எளிதில் வருவதில்லை. முகத்தை அளந்து செய்து தரும் பிரேமின் விலை தோட்டத் தொழிலாளியின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை. இன்னொன்று: அச்சிடுவது பெரும்பாலும் பிரேமைத்தான். வில்லையை அச்சிடும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. நெதர்லாந்தில் அதில் முன்னே நின்ற லக்செக்செல் நிறுவனத்தை 2022-இன் இறுதியில் மெட்டா வாங்கிக்கொண்டது. என்றாலும் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது கடைந்தும் வார்த்தும் செய்த வில்லைதான். எந்த எந்திரத்தில் செய்த பிரேமானாலும், கண்ணைச் சோதிக்காமல் போட்ட வில்லையால் பயன் இல்லை.

ஆகவே முதற்படி கண் சோதனை. சிங்கப்பூர் தேசியக் கண் நிலையம் சொல்லும் கணக்கைக் கேளுங்கள். அங்கே தொடக்கநிலை ஆறாம் வகுப்பை எட்டும்போது நூற்றில் 65 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை. இளைஞர்களில் நூற்றுக்கு 83 பேருக்கு. நம் பிள்ளைகளும் கைப்பேசியைக் கண்ணருகே வைத்து மணிக்கணக்காகப் பார்க்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே ஓடியாடினால் கிட்டப்பார்வை வருவது தள்ளிப்போகும் என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். தோட்டத்தில் திடலுக்குப் பஞ்சமில்லை. அதற்குக் காசும் வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு செய்தி. நாற்பது வயதைத் தாண்டினால் ஊசியில் நூல் கோக்கக் கையை நீட்ட வேண்டி வருகிறது. இதை வெள்ளெழுத்து என்று நம் முன்னோர் சொன்னார்கள். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். அஸ்ஸாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில் 2017-இல் ஓர் ஆய்வு நடந்தது. நாற்பதும் அதற்கு மேலும் வயதான 751 தொழிலாளர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடியை இலவசமாகக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் இரு குழுவினரும் நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோ கொழுந்து எடுத்தார்கள். கொழுந்து மிகும் காலம் வந்தபோது இரு குழுவினரும் முன்னைவிடக் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் கண்ணாடி இல்லாதவர்கள் 30 கிலோ சொச்சம் எடுத்தபோது, கண்ணாடி போட்டவர்கள் ஏறக்குறைய 35 கிலோ எடுத்தார்கள். கணக்குப் பார்த்ததில் கண்ணாடியால் வந்த கூடுதல் 21.7 விழுக்காடு. இந்த முடிவு 2018-இல் லான்செட் மருத்துவ இதழ் வரிசையில் வெளிவந்தது. அந்தத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தது சாதாரண, மலிவான கண்ணாடிதான், அச்சிட்டதன்று. கண்ணுக்கு ஏற்ற கண்ணாடி, மூக்கில் நின்றது, அணிந்தார்கள், பலன் கண்டார்கள்.

இனி நாம் செய்ய வேண்டியவை இவை. பள்ளிக்குச் சுகாதாரக் குழு வந்து கண் சோதித்துக் கடிதம் கொடுத்தால், அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, தொலைக்காட்சிக்கு மிக அருகே போனாலோ, அடிக்கடி தலைவலி என்றாலோ உடனே காட்டுங்கள். பெண் பிள்ளை கண்ணாடி போட்டால் நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பேச்சை விட்டுவிடுங்கள். கண்ணாடி வாங்கும்போது பிள்ளையைக் குனியச் சொல்லுங்கள், தலையை ஆட்டச் சொல்லுங்கள், வழுக்கினால் வேண்டாம். வளர்ந்தபின் சரியாகும் என்று பெரிதாக வாங்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் கண்ணாடிக் கடையோடு நிற்காமல், ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவமனையில் கண்ணின் உட்பகுதியையும் சோதித்துக்கொள்ள வேண்டும். திடீரென்று பார்வை மங்கினாலோ கண் வலித்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

எங்கள் மாணவியின் கதையை முடிக்கவில்லையே! அவளுடைய அம்மாவோடு நாங்களும் பட்டணத்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பிரேமின் தண்டைச் சூடு காட்டிக் காதுக்குப் பின்னால் வளைத்துவிட்டார். மூக்கில் உட்காரும் இடத்தில் சிறு ரப்பர் பட்டை ஒட்டினார். கால் மணி நேர வேலை. அதற்குக் காசு கூட வாங்கவில்லை. மறுநாள் அவள் கடைசி வரிசையிலிருந்தே பலகையைப் படித்தாள். எட்டு எட்டாகவே இருந்தது.

நாளை ஒருநாள் அச்சு எந்திரம் மலிவாகும். அப்போது தோட்டத்துப் பிள்ளையின் முகத்தை அளந்து, அந்த முகத்துக்கென்றே ஒரு பிரேம் செய்யும் காலமும் வரலாம். அந்த எந்திரத்தை ஓட்டுகிறவராக, அதற்குப் படம் வரைகிறவராக இந்தப் பேச்சைக் கேட்கும் பிள்ளைகளில் ஒருவர் வர வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்கு இன்றைக்குக் கரும்பலகை அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது பெற்றோராகிய உங்கள் கையிலும், ஆசிரியராகிய எங்கள் கையிலும் இருக்கிறது.